ஜெர்மனிக்கு டெவலப்பரா வர்றவங்களுக்கு: மொத 21 மாசக் கணக்கு

வாரத்துக்கு ஒருத்தராவது மெசேஜ் போட்டுடறாங்க, அண்ணா ஜெர்மனில சாஃப்ட்வேர் வேலைக்கு வரணும், எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் அதே கதைய டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதனால மொத்தமா ஒரே எடத்துல கொட்டிடறேன். நான் 2019ல பெர்லின்ல ஒரு ஸ்டார்ட்டப்புக்கு வந்தவன், நடுவுல வேலை போயி, தேடி அலைஞ்சு, இப்போ ம்யூனிக் பக்கம் கார் சாஃப்ட்வேர்ல ஒக்காந்திருக்கேன். சரியா பண்ணினதவிட தப்பா பண்ணினதுதான் ஜாஸ்தி, உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

ஆஃபர் லெட்டர் வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, பாதிக் கெணறுதான் தாண்டியிருக்கீங்க. நிரந்தரமா தங்கற அனுமதி வர்ற வரைக்கும் நீங்க இந்த ஊர்ல இருக்கறதே அந்த வேலைய நம்பித்தான். அது வந்தப்புறம்தான் மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லவும், பிடிக்காத கம்பெனிய விட்டுட்டு வரவும் தைரியம் வரும். ப்ளூ கார்டுல, அதாவது வெளிநாட்டு வல்லுநர்களுக்கு வேலைக்காக குடுக்கற தங்கற அனுமதில, இருக்கறவங்களுக்கு ஜெர்மன் மொழி பி1 லெவல் (ஏ1, ஏ2க்கு அடுத்த மூணாவது படி) இருந்தா 21 மாசத்துல அது கெடைக்கும், ஏ1ங்கற மொதப் படி மட்டும்தான்னா 27 மாசம். நான் வந்தப்போ ரெண்டாவது கணக்கு 33 மாசமா இருந்துச்சு, சோம்பேறித்தனத்துல நான் அந்த வரிசையிலதான் நின்னேன். நீங்க 21ஐ மனசுல வெச்சுட்டு அங்கேந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க, என்ன எப்போ பண்ணணும்னு தானா தெரிஞ்சுடும்.

எந்த விசான்னு மொதல்ல தெளிவாகுங்க

ப்ளூ கார்டு ஜெர்மனில 2012லேந்து இருக்கு. அதுக்கு முன்னாடி 2000ல, ஷ்ரோடர் சான்சலரா இருந்தப்போ, ஐடிக்காரங்களுக்குன்னு 20,000 பேர் கணக்கு வெச்சு கிரீன் கார்டுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பேர்தான் அமெரிக்காக்காரன் மாதிரி, 5 வருஷத்துக்கு மேல கெடையாது. அப்போ எதிர்க்கட்சில ஒருத்தர் இந்தியர்களுக்குப் பதிலா நம்ம பிள்ளைங்கன்னு கோஷம் போட்டு ஓட்டு கேட்டதெல்லாம் நடந்துச்சு. அந்த ஊரு இப்போ நம்மள வான்னு கூப்பிடுது, காலம் மாறுது பாருங்க.

ப்ளூ கார்டுக்கு வருஷ சம்பளம் ஒரு அளவுக்கு மேல இருக்கணும். பென்ஷன் கட்டறதுக்குன்னு அரசு ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு, அதுல 50 சதவீதம் பொது அளவு, ஆள் பத்தாத தொழிலுக்கும் புதுசா படிச்சு வந்தவங்களுக்கும் 45.3 சதவீதம். டெவலப்பர் வேலை இந்த ரெண்டாவது வகைலதான் வருது. 2025ல அது 43,759.80 யூரோ, 2026ல 45,934.20 யூரோ. ஜனவரிக்கு ஜனவரி இது ஏறும், அதனால டிசம்பர்ல ஆஃபர் வாங்கிட்டு ஜனவரில விசா போடறவங்க விளிம்புல இருக்கற சம்பளத்துக்கு ஒத்துக்காதீங்க.

டிகிரி இல்லாதவங்களுக்கும் 2023 நவம்பர்லேந்து வழி இருக்கு, கடைசி 7 வருஷத்துல 3 வருஷம் ஐடி அனுபவம் இருந்தா அதே கம்மி அளவுலயே ப்ளூ கார்டு போடலாம். டிகிரி இருக்கறவங்க, வெளிநாட்டு டிகிரிய இங்க ஏத்துக்கறாங்களான்னு சொல்ற அனாபின்ங்கற சைட்ல பாருங்க, யூனிவர்சிட்டிக்கு ஹெச் ப்ளஸ்னு (அங்கீகாரம் இருக்குன்னு அர்த்தம்) இருக்கணும், உங்க படிப்பும் லிஸ்ட்ல இருக்கணும். நம்ம ஆளுங்க பாதி பேர் காலேஜ் பேரப் போட்டு தேடிட்டு ஐயோ இல்லயேன்னு பதறுவாங்க. பட்டம் குடுத்தது யாரு, அண்ணா யூனிவர்சிட்டியா பாரதியாரா, அந்தப் பேர்ல தேடணும். படிப்பு லிஸ்ட்ல இல்லன்னா 208 யூரோ கட்டி டிகிரிக்கு சமநிலை சான்றிதழ் வாங்கலாம், அது வர டைம் எடுக்கும், அதனால வேலை தேடறதுக்கு முன்னாடியே அனுப்பி வெச்சிடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. இங்க ஆன்சைட் அனுப்பறேன்னு உங்க கம்பெனி சொன்னா எந்த பெர்மிட்னு கேளுங்க, கம்பெனிக்குள்ளயே மாத்தி அனுப்பற ஐசிடி கார்டுன்னா அதுல இருக்கற மாசம் இந்த 21ல சேராது. அப்புறம் 2024 ஜூன்லேந்து வாய்ப்பு அட்டைன்னு ஒண்ணு குடுக்கறாங்க, 6 பாயின்ட் எடுத்தா வேலை இல்லாமலே ஒரு வருஷம் வந்து தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் பாக்கலாம். ஆனா மாசம் 1,091 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கான பணத்த பேங்க்ல முடக்கிக் காட்டணும், 2025 கணக்குக்கு 13,092 யூரோ. கடன் வாங்கிட்டு இதுல வராதீங்கன்னுதான் நான் சொல்வேன். அனுபவம் கம்மியா இருக்கறவங்களுக்கு இங்க மார்க்கெட் இப்போ நல்லா இல்ல, மாசத்துக்கு மாசம் அந்தப் பணம் கரையறதப் பாத்துட்டு இன்டர்வியூ குடுக்கறது கொடுமை.

ரெஸ்யூம், இன்டர்வியூ

நம்ம ஊர் ரெஸ்யூம கொஞ்சம் வெட்டணும். அப்பா பேரு, பாஸ்போர்ட் நம்பர், கல்யாணம் ஆச்சா இல்லையா, கீழ மேற்கண்டவை உண்மைனு உறுதிமொழி, எல்லாம் தூக்குங்க. ஆறு பக்கம் வேண்டாம், ரெண்டு போதும்.

நிஜப் பிரச்சனை அது இல்ல. சர்வீஸ் கம்பெனில இருந்து வர்றவங்க எல்லாத்தையும் நாங்க பண்ணினோம், டீம் பண்ணுச்சுன்னே எழுதுவாங்க, பேசறப்பவும் அப்படித்தான் வரும், அடக்கம்னு நெனைச்சுதான் பண்றோம். இங்க எதிர்ல இருக்கறவர் அதக் கேட்டுட்டு சரி, இவர் தனியா ஒண்ணும் பண்ணலன்னு எழுதிக்குவார். என்னோட மொத மூணு இன்டர்வியூ அப்படித்தான் போச்சு. அதுல ஒருத்தர் நேராவே கேட்டுட்டார், அந்த 12 பேர்ல நீங்க இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு, நான் முழிச்சேன். அந்தக் கேள்விக்கு பதில எழுதி வெச்சுட்டு போங்க. ஒரே ஒரு ப்ராஜெக்ட எடுத்துக்கோங்க, ஏன் அந்த டேட்டாபேஸ், வேற என்ன யோசிச்சு விட்டீங்க, எது ஒடஞ்சுது, எப்படி சரி பண்ணீங்க, இதெல்லாம் முக்கால் மணி நேரம் பேசற அளவுக்கு. நான் போன எடங்கள்ல புதிர் மாதிரி கோடிங் கேள்விகள விட வீட்டுக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் குடுத்து அத வெச்சு பேச வெச்சதுதான் அதிகம். தெரியாதத தெரியாதுன்னு சொல்லிடுங்க, அதுக்கு மார்க் கொறையாது, சுத்தி வளைச்சா கொறையும்.

ஊரப் பொறுத்து மொழி மாறும். பெர்லின் ஸ்டார்ட்டப்ல இங்கிலீஷே போதும். ஸ்டுட்கார்ட், ம்யூனிக் பக்கம் கார் கம்பெனிங்க, அவங்களுக்கு உதிரிப் பாகம் பண்றவங்க, பேங்க், இன்சூரன்ஸ், இங்கெல்லாம் கோட் இங்கிலீஷ்ல இருக்கும், மீட்டிங் ஜெர்மன்ல இருக்கும். எஸ்ஏபிங்கற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கற வால்டார்ஃப் ஒரு குட்டி ஊரு, அங்கெல்லாம் ஆபீஸுக்குள்ள இங்கிலீஷ்ல ஓட்டிடலாம், வெளிய பேக்கரில முடியாது. லிங்க்ட்இன் தவிர ஸ்டெப்ஸ்டோன்ங்கற வேலை தேடற சைட்லயும் பாருங்க, ஆனா விளம்பரமே ஜெர்மன்ல இருந்தா அந்த வேலைக்கு ஜெர்மன் வேணும்னு அர்த்தம், தனியா எழுத மாட்டாங்க.

90 நாள் நோட்டீஸ் பீரியட்னு சொல்ல பயப்பட வேண்டாம். வளைகுடாக்காரன் மாதிரி நாளைக்கே வான்னு சொல்ல மாட்டாங்க, இவங்க ஊர்லயே மூணு மாச நோட்டீஸ் சகஜம்.

சம்பளத்த ரூபாய்ல பெருக்காதீங்க

60,000 யூரோன்னு சொன்ன ஒடனே நூறால பெருக்கி அம்மாக்கு போன் போட்டவன் நான். கல்யாணம் ஆகாத ஆளுக்கு வரி, பென்ஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம் புடிச்சது போக மாசம் 3,100 லேந்து 3,200 யூரோதான் கைக்கு வரும். அதுல வாடகை ஆயிரத்துக்கு மேல போயிடும், ம்யூனிக்ல இன்னும் மேல. அதனால ப்ருட்டோ (பிடித்தத்துக்கு முன்னாடி), நெட்டோ (கைக்கு வர்றது) ரெண்டயும் கேல்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டு பேரம் பேசுங்க. உள்ள வந்தப்புறம் வருஷா வருஷம் ஏத்தறது சொற்பம், நல்ல ஹைக் கம்பெனி மாத்தறப்பதான், அதனால மொத நம்பர் முக்கியம். லீவு சட்டப்படி குறைஞ்சது 20 நாள், ஐடில 28, 30 குடுப்பாங்க, அதுக்குக் கீழ குடுத்தா கேளுங்க.

பேப்பர் போட்டதுக்கப்புறம்

கான்ட்ராக்ட்ல ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆகாம பேப்பர் போட்டுடாதீங்க. முடிஞ்சா கம்பெனிகிட்ட வேகமான நடைமுறைல போடச் சொல்லுங்க, அவங்க இங்க 411 யூரோ கட்டினா அந்தப் பக்கம் விசா சீக்கிரம் நகரும். பழைய கம்பெனில ரிலீவிங் லெட்டர், அனுபவ சான்றிதழ், எல்லா சம்பள ஸ்லிப்பும் வாங்கி வெச்சுக்கோங்க, அப்புறம் ஹெச்ஆர் போன எடுக்க மாட்டாங்க.

அந்த 90 நாள்ல பெரிய விஷயம் ஜெர்மன் க்ளாஸ். சென்னைல நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல சேருங்க, இல்ல ஆன்லைன்ல எங்கயாவது, ஏ1 ஏ2 ஊர்லயே முடிச்சுட்டு ஏறினா பாதி பாரம் எறங்கிடும். இங்க வந்து பாத்துக்கலாம்னு நெனைச்சேன், வந்தப்புறம் ஆபீஸ், சமையல், குளிரு, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு, யாருக்கு க்ளாஸ் போகத் தோணும்? ப்ளூ கார்டுக்காரங்க மனைவிக்கோ கணவருக்கோ விசாவுக்கு மொழிப் பரீட்சை கேக்க மாட்டாங்க, வந்த ஒடனே வேலையும் பாக்கலாம், ஆனா அவங்கள இங்க வந்து வீட்டுக்குள்ள அடைச்சு வெக்காம இருக்கணும்னா அவங்களும் இப்பவே படிக்கட்டும்.

வந்த மொத மாசம்

வீடுதான் பெரிய தலைவலி. மொத மூணு மாசத்துக்கு சாமானோட இருக்கற வீடு எடுங்க, வாடகை ஜாஸ்திதான், பரவால்ல. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: இங்க அன்மெல்டுங் பண்ணலாமா? அதாவது இந்த விலாசத்துல நான் குடியிருக்கேன்னு டவுன் ஆபீஸ்ல பதியறது, குடி வந்து 14 நாளுக்குள்ள பண்ணணும், வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட தாள் வேணும். அது இல்லன்னா வரி நம்பர் வராது, பேங்க், பெர்மிட் எல்லாம் இழுபறி. ஆன்லைன்ல சாவிய கூரியர்ல அனுப்பறேன் முன்பணம் போடுன்னு சொல்றவன் அத்தனை பேரும் ஃப்ராடு, வீட்டப் பாக்காம ஒரு சென்ட் போடாதீங்க. அட்வான்ஸ் கரன்ட், ஹீட்டர் சேராத வாடகைல மூணு மாசத்துக்கு மேல கேக்க முடியாது, அதையும் மூணு தவணைல கட்ட சட்டம் உரிமை குடுத்திருக்கு, சென்னைல பத்து மாச அட்வான்ஸ் குடுத்தவங்களுக்கு இது சொர்க்கம்.

பதியறப்போ மதம் என்னன்னு ஃபார்ம்ல கேப்பாங்க. கிறிஸ்தவங்க அங்க கத்தோலிக்கம்னோ ப்ராட்டஸ்டன்ட்னோ எழுதினா வருமான வரி மேல 8 இல்ல 9 சதவீதம் சர்ச் வரி போகும். குடுக்கணும்னு விருப்பம் இருந்தா குடுங்க, தெரியாம குடுக்காதீங்க. டிவி ரேடியோ கட்டணம்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கேட்டு லெட்டர் வரும், டிவி இல்லன்னாலும் கட்டித்தான் ஆகணும், சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. நம்ம ஊர் லைசன்ஸ் ஆறு மாசம்தான் செல்லும்.

லெட்டர்னு சொன்னேன்ல, இந்த நாடு தபால்ல ஓடுது. பெர்லின்ல எங்க தெருவுல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க மளிகைக் கடை வெச்சிருந்தாங்க, 83 கலவரத்துக்கு அப்புறம் வந்த குடும்பம். ஒரு நாள் மஞ்சக் கவர்ல வந்த லெட்டர விளம்பரம்னு நெனைச்சு முருங்கக்காய் பைக்குள்ள சொருகிட்டு நின்னேன். "தம்பி, உதை எறிஞ்சு போடாதேங்கோ, மஞ்சள் கடித உறை வந்தா அண்டைக்கே திறந்து பாக்கோணும்"னு பிடுங்கிப் படிச்சாங்க. அரசு ஆபீஸோ கோர்ட்டோ அனுப்பினா அப்படித்தான் வரும், போஸ்ட்மேன் பெட்டில போட்ட தேதிய கவர் மேலயே எழுதியிருப்பார், நீங்க திறக்கலன்னாலும் கெடு அன்னிலேந்து ஓட ஆரம்பிச்சுடும். அந்த அக்கா பையன் தமிழ விட ஜெர்மன்ல வேகமா பேசுவான், நமக்கு முன்னாடி வந்து கஷ்டப்பட்ட இவங்கள்ட்ட கேட்டுக் கத்துக்க நெறைய இருக்கு. ஹாம் ஊர்ல 2002ல கும்பாபிஷேகம் பண்ணின காமாட்சி அம்பாள் கோயிலும் இவங்க கட்டினதுதான், கோடைல தேர் பாக்க ஒரு தடவ போயிட்டு வாங்க.

ப்ரோபெட்ஸைட், அதாவது மொத ஆறு மாச ப்ரொபேஷன்

இந்த ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு வார நோட்டீஸ்ல யார் வேணா யார வேணா விட்டுடலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஆறு மாசம் தாண்டி, பத்து பேருக்கு மேல வேலை பாக்கற கம்பெனின்னா, அப்புறம் சட்டம் உங்க பக்கம் வந்துடும், சும்மா தூக்க முடியாது. என்னைய அந்த ஆறு மாசம் முடிய ஒம்போது நாள் இருக்கறப்போ கூப்பிட்டாங்க. ஃபண்டிங் வரல, ஸாரின்னு ஒரு தாள் குடுத்தாங்க, கூடவே இன்னொரு தாள், ரெண்டு பேரும் பேசி பிரியறதா ஒப்பந்தம், உனக்கு பேர் கெடாதுன்னு சொன்னாங்க, ஜெர்மன்ல இருந்துச்சு, படிக்காமலே கையெழுத்து போட்டேன். அத மட்டும் பண்ணாதீங்க. அந்த மாதிரி தாள வீட்டுக்கு எடுத்துட்டு போயி காட்டிட்டு வரேன்னு சொல்லுங்க, அங்கயே போட வேண்டிய கட்டாயம் கெடையாது. நீங்களே ஒத்துக்கிட்டு போன மாதிரி ஆயிடும், வேலையில்லாதவங்களுக்கு அரசு குடுக்கற பணத்த 12 வாரம் நிறுத்திடுவாங்க. எனக்கு நஷ்டம் வரல, எப்படின்னா 30 மாசத்துல 12 மாசம் கட்டினவங்களுக்குத்தான் அந்தப் பணமே, நான் கட்டினது ஆறு. இன்னொண்ணு, வேலைய விட்டு எடுக்கறேன்னு ஈமெயில்லயோ வாட்ஸப்லயோ சொன்னா செல்லாது, மை போட்ட கையெழுத்தோட காகிதம் வரணும்.

வேலை போச்சுன்னா மூணு நாளுக்குள்ள வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதியுங்க, வெளிநாட்டவர் ஆபீஸுக்கும் தகவல் குடுங்க. பொதுவா மூணு மாசம் தேட டைம் கெடைக்கும். வேலை போறதுக்கு முன்னாடியே வெளிய பேச்சுவார்த்தை ஒண்ணு எப்பவும் ஓடிட்டு இருக்கட்டும், துரோகம்னு நெனைக்காதீங்க. கம்பெனி மாத்தறது இப்போ சுலபம்தான், மொத 12 மாசம் மட்டும் வெளிநாட்டவர் ஆபீஸுக்கு சொல்லணும், அவங்க 30 நாள் நிறுத்தி வெச்சு பாக்கலாம், அப்புறம் யாரையும் கேக்க வேண்டாம். நான் வந்தப்போ ரெண்டு வருஷம் அனுமதி வாங்கணும்.

எந்தக் கம்பெனிய விட்டு வந்தாலும் ஆர்பைட்ஸ்-சொய்க்னிஸ்னு ஒரு நற்சான்றிதழ் கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை. படிச்சா எல்லாமே புகழ்ச்சியா இருக்கும், உள்ள சங்கேத மொழி. எப்பவும் முழுமையிலும் முழு திருப்தி அளித்தார்னு இருந்தா முதல் வகுப்பு. வெறும் திருப்தின்னா பார்டர்ல பாஸ். முயற்சி எடுத்தார்னு இருந்தா ஃபெயில்னு அர்த்தம். மாத்தித் தரச் சொல்லி கேக்கலாம், கேளுங்க.

ஆபீஸ்ல

நம்ம பழக்கத்துல ஆபத்தானது ஒண்ணுதான், முடியாதுன்னு தெரிஞ்சும் சரிங்கன்னு தலையாட்டறது. இங்க சரின்னா சரி, வெள்ளிக்கெழமை வரைக்கும் யாரும் வந்து எட்டிப் பாக்க மாட்டாங்க, வெள்ளிக்கெழமை முடியலன்னா உங்க வார்த்தைக்கு மதிப்பு போயிடும். புதன்கெழமையே வந்து லேட் ஆகும்னு சொன்னா ஒருத்தரும் மொகம் சுளிக்க மாட்டாங்க. கோட் ரிவ்யூல இது தப்புன்னு ஒரே வரி எழுதுவாங்க, தயவுசெய்துலாம் கெடையாது, கோவம்னு எடுத்துட்டு ராத்திரி தூங்காம இருக்காதீங்க, கோட பத்திதான் பேசறாங்க. நீ, நீங்க மாதிரி இவங்களுக்கும் டூ, ஸீன்னு ரெண்டு இருக்கு, ஐடில மேனேஜரயும் டூன்னுதான் கூப்பிடணும், எனக்கு நாக்கு திரும்ப நாலு மாசம் ஆச்சு.

உடம்பு சரியில்லன்னா லீவு போடுங்க, ஆறு வாரம் வரைக்கும் கம்பெனி முழு சம்பளம் குடுக்கணும், காய்ச்சலோட லாக்இன் பண்றவன இங்க யாரும் மெச்ச மாட்டாங்க.

ஜெர்மன் க்ளாஸுக்கு ஊருக்கு ஊரு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேன்னு நகராட்சி நடத்தற பள்ளிக்கூடம் இருக்கு, சாயங்கால வகுப்பு, விலையும் கம்மி. கம்பெனி காசு குடுக்குமான்னு ஆஃபர் பேசறப்பவே கேளுங்க. ஊர்லயே முடிக்க முடியலன்னா ஆறாவது மாசம் ஏ2, பதினஞ்சுல பி1 பரீட்சைன்னு வெச்சுக்கோங்க, ஒரு தடவ ஃபெயில் ஆனாலும் இன்னொரு தடவ எழுத எடம் இருக்கும். மதியம் சாப்பிடறப்போ தமிழ் கேங், இந்தி கேங்னு தனி மேசைல ஒக்காராதீங்க, வாரத்துல ரெண்டு நாளாவது ஜெர்மன் மேசைல போயி முழிங்க. கார் கம்பெனி வேலை எனக்கு அங்க முழிச்சதால கெடைச்சதுதான், டெக்னிக்கலா என்னை விட கெட்டிக்காரன் ஒருத்தன் அதே வேலைக்கு வந்தான், அவனுக்கு மீட்டிங் புரியல.

கடைசி கட்டம்

பதினெட்டாவது மாசத்துலயே நிரந்தர அனுமதிக்கு அப்பாயின்ட்மென்ட் தேட ஆரம்பிங்க, பெரிய ஊர்ல அது கெடைக்கறதே ஒரு லாட்டரி. பி1 சான்றிதழ், 21 மாசம் பென்ஷன் கட்டின விவரம், வேலை கான்ட்ராக்ட், சம்பள ஸ்லிப், வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் தாள் எல்லாம் வேணும். பென்ஷன் விவரத்த பென்ஷன் ஆபீஸ் சைட்ல கேட்டா தபால்ல அனுப்பி வெப்பாங்க. ஜெர்மனில வாழ்க்கைன்னு ஒரு பரீட்சை பாஸ் பண்ணணும், 33 கேள்வி, ஒரு மணி நேரம், 15 சரியா இருந்தா போதும், ஆனா 17 எடுத்துட்டா பின்னாடி குடியுரிமைக்கும் அதே செல்லும். 310 கேள்வி முன்னாடியே வெளியிட்டிருக்காங்க, ட்ரெயின்ல போறப்போ படிச்சாலே போதும். பரீட்சைக்கு 25 யூரோ, அனுமதிக்கு 113 யூரோ.

குடியுரிமை 5 வருஷத்துல கேக்கலாம், ஜெர்மனி 2024 ஜூன்லேந்து ரெட்டைக் குடியுரிமை ஒத்துக்குது, இந்தியா ஒத்துக்காது, இந்திய பாஸ்போர்ட்ட ஒப்படைச்சுட்டு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான அட்டை, வாங்கணும். அத அவசரப்பட்டு முடிவு பண்ண வேண்டாம், வீட்ல பேசுங்க. நிரந்தர அனுமதி மட்டும் வெச்சுட்டு ஊர்ல அம்மா அப்பாவோட கொஞ்ச நாள் இருக்கணும்னா சாதாரணமா ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா அது காலாவதி ஆயிடும். ரிட்டர்ன் டிக்கெட்ட அஞ்சாவது மாசத்துல போடுங்க.